தொடங்க மறுக்கும் கணினி: சரிசெய்வதா, பின்னோக்கிப் போவதா, புதிதாக நிறுவுவதா?

வீட்டுக் கணினி ஒரு நாள் திடீரென்று தொடங்க மறுத்தால், அதை மறுபடியும் எப்படி ஓட வைப்பது என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தக் கணினிக்குள் இருப்பவற்றில் வேறெங்கும் நகல் இல்லாதவை எவை? குழந்தை முதன்முதலாக நடந்தபோது எடுத்த காணொளி, பாதி எழுதிய ஆய்வேடு, பல ஆண்டுக் கணக்குப் பதிவுகள் என்று ஏதேனும் ஒன்று அதில் மட்டுமே இருக்குமானால், அதை வெளியே எடுப்பது முதல் வேலையாகவும் கணினியைச் சரிசெய்வது அடுத்த வேலையாகவும் ஆகிவிடுகிறது. சரிசெய்யும் வழிகளை ஒப்பிடும்போது எது எளிது, எது விரைவு என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறோம். செய்ததைத் திரும்பப் பெற முடியுமா, முடியாதா என்பதே முதல் அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவை இயங்கும் கணினிகளை மனத்தில் கொண்டு, ஒவ்வொரு வழியையும் அந்த அளவுகோலால் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

"தொடங்கவில்லை" என்ற ஒரே சொல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகளைக் குறிக்கிறது. பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை என்றால் சிக்கல் மின்சாரம் வரும் பாதையில் இருக்கிறது. விசிறி சுற்றியும் திரை கறுப்பாகவே இருந்தாலோ, பீப் ஒலி விட்டுவிட்டுக் கேட்டாலோ, ரேம், கிராஃபிக்ஸ் அட்டை, திரைக்குச் செல்லும் கேபிள் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். தயாரிப்பாளரின் சின்னம் தோன்றியபின், தொடங்குவதற்கான சாதனம் எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தால், இயங்குதளத்துக்கு முன்பே ஓடி வன்பொருளைத் தயார்செய்யும் பயாஸ் என்ற நிரல் தன் பங்கை முடித்துவிட்டு வன்தட்டைத் தேடித் தோற்றிருக்கிறது என்று பொருள். விண்டோஸ் சின்னமும் சுழலும் புள்ளிகளும் வந்தபின் நின்றுபோனாலோ, பிழைச் செய்தியோடு நீலத்திரை வந்தாலோ, தட்டு ஓரளவுக்கேனும் படிக்கப்படுகிறது. கீழே ஒப்பிடப்போகும் வழிகள் இந்தக் கடைசி இரண்டு நிலைகளுக்கு உரியவை. ரேம் பழுதான கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவ முயன்று, நிறுவல் பாதியில் முறிவதைக் கண்டு, பென் டிரைவில்தான் குறை என்று நினைத்து இன்னொன்றைத் தயாரித்து, ஒரு முழு நாளை இழப்பவர்கள் உண்டு. நின்ற இடத்தைக் கவனித்திருந்தால் அந்த நாள் மிஞ்சியிருக்கும்.

முந்தைய நிலைகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்கம்பியையும் சுவரில் உள்ள செருகியையும் மாற்றிப் பாருங்கள். பிரிண்டர், பென் டிரைவ், வெளித்தட்டு என்று செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மறந்துபோய் விட்ட ஒரு பென் டிரைவிலிருந்து தொடங்க முயன்று கணினி நின்றுவிடுவது மிகச் சாதாரணமாக நடப்பது. மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரை மட்டும் இணைத்துத் தொடங்கிப் பார்க்கலாம். தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள மேசைக் கணினியில், திரையின் கேபிள் மதர்போர்டில் செருகப்படாமல் அந்த அட்டையில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரேம் பட்டைகளைக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுவதும், ஒவ்வொரு பட்டையாக வைத்துத் தொடங்கிப் பார்ப்பதும் பயன் தரும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். கம்பியைக் கழற்றிய பிறகும் அதற்குள் உள்ள மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ மின்கலத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இது செய்யும் கோளாறு இயங்குதளத்தின் கோளாறு போலவே தோற்றமளிக்கும். பெரும்பாலும் சிஆர்2032 என்ற வகையைச் சேர்ந்த இந்த 3 வோல்ட் மின்கலம்தான், கணினி அணைந்திருக்கும் வேளையில் கடிகாரத்தை ஓட வைக்கிறது. பல கணினிகளில் பயாஸ் அமைப்புகளும் இதை நம்பித்தான் இருக்கின்றன. இது தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுவதோடு, அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடவும் கூடும். அப்படித் திரும்பும்போது, வன்தட்டோடு பேசும் முறை ரெய்டு என்பதிலிருந்து ஏஎச்சிஐ என்பதற்கோ, அதற்கு எதிராகவோ மாறிவிட்டால், நேற்றுவரை ஒழுங்காக ஓடிய விண்டோஸ் தன் தட்டையே அடையாளம் காண முடியாமல் நீலத்திரையில் நின்றுவிடும். தட்டிலும் குறை இல்லை, விண்டோஸிலும் குறை இல்லை. பயாஸில் அந்த ஓர் அமைப்பைப் பழையபடி மாற்றி, மின்கலத்தையும் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும். இது தெரியாமல் எத்தனை தட்டுகள் வீணாக அழிக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆகவே, எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் பயாஸுக்குள் நுழைந்து, தேதி சரியாக இருக்கிறதா, தட்டின் பெயர் பட்டியலில் தெரிகிறதா என்ற இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடலாம். 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல், "ஷட் டவுன்" கொடுத்தால் கணினி பெரும்பாலும் முழுமையாக அணைவதில்லை. அடுத்த முறை விரைவாகத் தொடங்குவதற்காக, இயங்குதளத்தின் மையப் பகுதியின் நிலையைத் தட்டில் ஒரு கோப்பாக எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தக் கோப்பில் குறை ஏற்பட்டிருந்தால் அதே குறை ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்ப எழுந்துவரும். "ரீஸ்டார்ட்" கொடுத்தால் மட்டுமே எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. இயங்கும் சமயத்தில் கொடுக்கும் ஒரு ரீஸ்டார்ட், சில கணினிகளில் பல நாள் தொல்லையைத் தீர்த்துவிடுவதற்கு இதுவே காரணம்.

இனி உள்ளிருக்கும் கோப்புகளை வெளியே எடுக்கும் வேலை. விண்டோஸ் தொடங்கவில்லை என்பதால் கோப்புகள் போய்விட்டன என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலான சமயங்களில் அவை தட்டில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, அவற்றைக் காட்டுவதற்கு வேறொரு இயங்குதளம் மட்டும் தேவைப்படுகிறது. இன்னொரு கணினியில், லினக்ஸ் வகை இலவச இயங்குதளங்களான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டைப் பதிவிறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, பழுதான கணினியை அதிலிருந்து தொடங்கினால், எதையும் நிறுவாமலேயே அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். "நிறுவு" என்பதைத் தவிர்த்து, "முயன்று பார்" என்ற பொருள்படும் தேர்வை மட்டும் சொடுக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் விண்டோஸின் தட்டு ஒரு கோப்புறையாகத் தெரியும். வேண்டியவற்றை வெளித்தட்டுக்கு நகலெடுக்கலாம். மேலே சொன்ன விரைவுத் தொடக்கக் கோப்பு இருந்தால், லினக்ஸ் அந்தத் தட்டைப் படிக்க மட்டுமே அனுமதித்து எழுத மறுக்கலாம். அது நமக்கு நல்லதே. அந்த வேளையில் நமக்குப் படித்தல் மட்டும்தான் தேவை.

இந்த வழியில் குறுக்கே நிற்கக்கூடியது பிட்லாக்கர் மறையாக்கம், அதாவது தட்டில் உள்ளவற்றைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி விண்டோஸ் பூட்டி வைப்பது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில், உரிமையாளர் தெரிந்து இயக்காமலேயே, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தவுடன் மறையாக்கம் இயங்கத் தொடங்கியிருக்கும். அப்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி இல்லாமல் யாராலும் தட்டைப் படிக்க முடியாது. அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும் என்பதால், கைபேசியின் உலாவியிலிருந்து அந்தக் கணக்கில் நுழைந்து எடுத்துக்கொள்ளலாம். பயாஸ் அமைப்புகளை மாற்றினாலே விண்டோஸ் இந்தச் சாவியைக் கேட்கக்கூடும். ஆகையால் சாவி கையில் வரும்வரை எதையும் மாற்றாமல் இருப்பது நல்லது.

அதே லினக்ஸில் உள்ள "டிஸ்க்ஸ்" என்ற நிரல், தட்டு தன்னைப் பற்றித் தானே பதிந்து வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரங்களைக் காட்டும். சுழலும் வன்தட்டில் 5, 197, 198 என்ற எண்களுக்கு உரிய மூன்று வரிகளை மட்டும் பார்த்தால் போதும்: பழுதாகி வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகள், படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகள், சரிசெய்ய முடியாதவை என்று கண்ட பகுதிகள். இவற்றில் சுழியத்தைத் தாண்டிய எண் இருந்து, அதுவும் மணிக்கு மணி கூடிக்கொண்டே போகுமானால், அந்தத் தட்டு இறந்துகொண்டிருக்கிறது. டக் டக் என்ற ஒலி கேட்டாலோ, பயாஸில் தட்டின் பெயர் வருவதும் மறைவதுமாக இருந்தாலோ, உடனே அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் உள்ளே சேதம் பெருகக்கூடும் என்பதால், விலைமதிப்பற்ற கோப்புகள் இருந்தால் தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவர்களிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும். ஒலி ஏதுமின்றி, படிப்பது மட்டும் தடுமாறுகிறது என்றால், டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் கைகொடுக்கும். அது முதலில் எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளையெல்லாம் வேறொரு தட்டுக்கு நகலெடுத்துவிட்டு, கடினமான பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்பதைப் பதிந்து வைப்பதால் நடுவில் நிறுத்தித் தொடரவும் முடியும். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வகைத் தட்டு என்றால் எச்சரிக்கை ஒலி எதுவும் வராது. ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது.

கோப்புகள் பத்திரமாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் ஒப்பீடு தொடங்குகிறது.

முதல் வழி, விண்டோஸ் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஸ்டார்ட்அப் ரிப்பேர். விண்டோஸ் 7 வரை எஃப்8 விசையை அழுத்தினால் இதற்கான பட்டியல் வந்தது. இப்போது அந்த விசை இயல்பாகச் செயல்படுவதில்லை. இரண்டு முறை தொடர்ந்து தொடங்கத் தவறினால் பழுதுபார்க்கும் கருவிகளைக் கொண்ட மீட்புச் சூழல் என்ற திரை தானாகவே வந்து நிற்கும். உள்நுழையும் திரை வரை வர முடிந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தும் அங்கே போகலாம். இரண்டும் நடக்காவிட்டால், நிறுவல் பென் டிரைவிலிருந்து தொடங்கி, நிறுவும் பொத்தானுக்குப் பதிலாகச் சரிசெய்யும் தேர்வை எடுக்கலாம். தொடக்கக் கோப்புகள் காணாமல் போனாலோ, எந்தத் தட்டிலிருந்து விண்டோஸைத் தொடங்குவது என்ற குறிப்பு கெட்டுப்போனாலோ, இந்த வழி ஓரளவு நம்பத்தகுந்தது. உங்கள் கோப்புகளை அது தொடுவதில்லை. மோசமான டிரைவருக்கும் (வன்பொருளை இயக்க உதவும் நிரல்) சாகும் தட்டுக்கும் அதனால் பெரிதாகச் செய்ய எதுவும் இல்லை. ஒருமுறை ஓடவிடுங்கள், சரிசெய்ய முடியவில்லை என்று அதுவே சொன்னபின் மீண்டும் மீண்டும் ஓடவிடுவதில் பயனில்லை.

இதன் அண்டை வீட்டில் இருப்பவை கட்டளைகள். கட்டளைத் திரையைத் திறந்து பூட்ரெக் (தொடக்கப் பதிவுகளைச் சரிசெய்வது), செக்டிஸ்க் (தட்டைச் சோதிப்பது) என்று வரிசையாக அடிக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. அவை எல்லாவற்றையும் ஒன்றுபோலவே பரிந்துரைப்பதை நான் ஏற்கவில்லை. பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் இன்றைய கணினிகளில், பழைய முறைக்காக உருவான பூட்ரெக் கட்டளைகளில் சில பயன்படுவதில்லை, சில அனுமதி மறுக்கப்பட்டது என்று திரும்பிவிடுகின்றன. தொடக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதித் தரும் பிசிடிபூட் என்ற கட்டளையே அங்கே பொருத்தமானது. மீட்புச் சூழலில் தட்டுகளின் எழுத்துகள் மாறியிருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது: வழக்கமாக 'சி' என்று தெரியும் தட்டு அங்கே 'டி' ஆகியிருக்கலாம், பார்க்காமல் அடித்தால் கட்டளை வேறிடத்தில் வேலை செய்யும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பழுதான பகுதிகளைத் தேடும்படி செக்டிஸ்க்கை ஓடவிடுவது. அது தட்டின் ஒவ்வொரு பகுதியையும் படிக்கிறது. படிக்கும்போதே கோப்புகளின் பட்டியலையும் திருத்தி எழுதுகிறது. நலமான தட்டில் அது மருந்து. சாகும் தட்டில், மூச்சுத் திணறும் நோயாளியை மலையேறச் சொல்வது போன்றது. திருத்தி எழுதியதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. ஸ்மார்ட் விவரங்களைப் பார்க்காமல் அந்தக் கட்டளையை அடிக்காதீர்கள்.

இரண்டாவது வழி பின்னோக்கிப் போவது. எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுவே. நேற்று ஓடிய கணினி இன்று ஓடவில்லை என்றால், நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை மட்டும் நீக்க முடிந்தால், மற்ற எல்லாம் இருந்தபடியே இருக்கும். மீட்புச் சூழலில் கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கும் தேர்வு இருக்கிறது. விண்டோஸின் பெரிய பதிப்பு மாற்றம் நடந்திருந்தால், இயல்பாக 10 நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். சேஃப் மோட் என்பது அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸைத் தொடங்கும் முறை. அதில் கணினி தொடங்கிவிட்டால், சிக்கல் பெரும்பாலும் தட்டிலோ ரேமிலோ இல்லை, பின்னால் சேர்ந்த ஏதோ ஒரு டிரைவரிலோ நிரலிலோதான் இருக்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. இப்படித் தீர்வையும் நோயறிதலையும் ஒன்றாகத் தரும் வழி வேறு எதுவும் இல்லை.

இதன் மதிப்பை உலகமே பார்த்த நாள் 2024 ஜூலை 19. கிரௌட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலுக்கு வந்த ஒரு குறையுள்ள கோப்பால், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை தடைபட்டது. தீர்வு என்னவோ சேஃப் மோடில் தொடங்கி அந்த ஒரே கோப்பை நீக்குவதுதான். அதற்கு விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டியிருக்கவில்லை. பல இடங்களில் தாமதத்துக்குக் காரணம் பிட்லாக்கர் சாவியைத் தேடியதே. பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் அலுவலகக் கணினிகள் என்றாலும், வீட்டுக் கணினிக்கும் பாடம் ஒன்றே: எவ்வளவு கொடூரமாகத் தோன்றும் நீலத்திரைக்குப் பின்னாலும், நீக்கக்கூடிய ஒரு சிறு மாற்றம் மட்டுமே இருக்கலாம்.

சிஸ்டம் ரீஸ்டோரும் இந்த வழியைச் சேர்ந்ததே. டிரைவர்கள், நிரல்கள், விண்டோஸின் அமைப்புகள் ஆகியவற்றை அது ஒரு குறித்த நாளின் நிலைக்குக் கொண்டுபோகும். உங்கள் ஆவணங்களையும் படங்களையும் தொடாது. அந்த நாளுக்குப் பின் நிறுவிய நிரல்கள் மட்டும் போய்விடும். மீட்புச் சூழலிலிருந்தோ சேஃப் மோடிலிருந்தோ செய்தால், செய்ததைத் திரும்பப் பெற முடியாது என்று விண்டோஸே எச்சரிக்கும். ஆயினும் இழப்பு நிரல்களோடு நின்றுவிடுவதால், அந்தத் துணிவை எடுக்கலாம் என்றே சொல்வேன். இதன் பெரிய குறை வேறு: பல கணினிகளில் இது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும், தேவைப்படும் நாளில் திரும்பிப் போக ஒரு புள்ளியும் இருக்காது. இந்தக் கட்டுரையை நலமான கணினியில் படித்துக்கொண்டிருப்பவர்கள், அதை இப்போதே இயக்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது வழியான ரீசெட் வெளிப்பார்வைக்கு மிகவும் இனிமையானது. "என் கோப்புகளை வைத்துக்கொள்" என்ற தேர்வைச் சொடுக்கினால், விண்டோஸ் புதிதாகிவிடும், கோப்புகள் அப்படியே இருக்கும் என்று அது உறுதி கூறுகிறது. அந்த உறுதி பொய்யில்லை. ஆனால் அதன் எல்லை பலருக்கும் தெரிவதில்லை. நீங்கள் நிறுவிய நிரல்கள் அனைத்தும் நீக்கப்படும். நீக்கப்பட்டவற்றின் பட்டியல் மட்டும் பிறகு முகப்புத் திரையில் இருக்கும். என் உறவினர் ஒருவர் வீட்டில், பழைய கணக்கு நிரல் ஒன்று தன் பதிவுகளையெல்லாம் நிரலின் கோப்புறைக்குள்ளேயே வைத்திருந்தது. ஆவணங்கள் கோப்புறையில் இருந்த எல்லாம் பத்திரமாக மீண்டன. பல ஆண்டுக் கணக்குகள் அந்த நிரலோடு சேர்ந்து போய்விட்டன. அவர் செய்த தவறு ஒன்றும் இல்லை. திரையில் எழுதியிருந்ததை நம்பினார், அவ்வளவுதான். அந்த மாலையில் அருகில் இருந்த எனக்கு, நகலெடுக்காமல் ரீசெட் செய்யலாம் என்று யாருக்கும் சொல்ல இன்றுவரை மனம் வரவில்லை.

ரீசெட்டிலும் இரு வகை உண்டு. கணினியில் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளைக் கொண்டே விண்டோஸை மறுபடி கட்டுவது ஒன்று. இணையத்திலிருந்து ஏறத்தாழ 4 ஜிபி அளவுக்குப் புதிதாக இறக்கிக் கட்டுவது மற்றொன்று. இருக்கும் கோப்புகளே கெட்டுப்போயிருந்தால் முதல் வகை அதே கோளாற்றை மறுபடி கட்டித் தரக்கூடும். ஆகையால் இணைய வசதி இருந்தால் இரண்டாவதே மேல். தட்டில் குறை இருந்தால் இரண்டுமே நடுவில் எங்கேனும் நின்றுபோகும். அப்போது பழைய விண்டோஸும் இருக்காது, புதியதும் இருக்காது. பின்னோக்கிப் போகும் இரண்டாவது வழியும் அத்தோடு அடைபட்டுவிடும். எனவேதான் வரிசையில் ரீசெட்டை இரண்டாவது வழிக்குப் பின்னால் வைக்கிறேன். எளிமை என்ற ஒரே காரணத்துக்காக அதை முன்னே வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நான்காவது வழி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. மைக்ரோசாஃப்ட்டின் நிறுவல் ஊடகக் கருவியைக் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் எழுதிக்கொண்டால் போதும். விண்டோஸ் 10 முதல் உரிமம் கணினியின் வன்பொருளோடு இணைக்கப்படுவதால், அதே கணினியில் அதே பதிப்பை நிறுவும்போது பெரும்பாலும் உரிம எண் கேட்கப்படுவதில்லை. மென்பொருள் கோளாறு எதுவாக இருந்தாலும் இது தீர்க்கும். நச்சுநிரல் புகுந்த கணினிக்கு இதைவிட நம்பத்தக்க மருந்து இல்லை. ஆனால் திரும்பப் பெற முடியாமையிலும் இதுவே உச்சம். நிறுவும்போது தட்டின் பகுதிகளைக் காட்டும் திரை ஒன்று வருமே, அதில் ஒரு தவறான சொடுக்கு போதும். கணினிக்குள் இரண்டு தட்டுகள் இருந்தால், நிறுவப்போகும் தட்டைத் தவிர மற்றதன் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் அந்தத் திரைக்கே போக வேண்டும். எஸ்எஸ்டியில் அழித்தவை திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் நடவாத காரியம். அழிந்த பகுதிகளைக் காலி செய்யும்படி இயங்குதளம் உடனுக்குடன் டிரிம் கட்டளை அனுப்பிவிடுகிறது.

புதிதாக நிறுவுவதானால் எதை நிறுவுவது என்பதும் இப்போது ஒரு கேள்வியாகிவிட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. அந்தத் தகுதி இல்லாத கணினியில் பழையதையே மறுபடி நிறுவ ஒரு முழு நாளைச் செலவிடுவதற்கு முன், மீட்புக்காகத் தயாரித்த அதே லினக்ஸ் பென் டிரைவில் உங்கள் அன்றாட வேலைகளைச் சில மணி நேரம் செய்து பாருங்கள். உலாவி, மின்னஞ்சல், எழுத்து வேலை ஆகியவற்றோடு நிற்பவர்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். விண்டோஸில் மட்டும் இயங்கும் ஒரு நிரலை நம்பிப் பிழைப்பவர்களுக்குப் போதாது.

ஐந்தாவது வழியைப் பலரும் வழியாகவே எண்ணுவதில்லை: பழைய தட்டைக் கழற்றி அப்படியே எடுத்து வைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டி ஒன்றில் நிறுவுவது. செலவு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் புதிய நிறுவலின் முழு நன்மையையும் தந்து, அதன் முழு ஆபத்தையும் நீக்கிவிடுகிற வழி இது ஒன்றுதான். எதையும் அழிக்காததால் எதையும் இழப்பதில்லை. மறந்துபோன கோப்பு நினைவுக்கு வந்தால், பழைய தட்டை யூஎஸ்பி உறையில் போட்டுச் செருகி எடுத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் பழைய வகைத் தட்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுபவர்கள், கணினி தொடங்கும் வேகத்தில் காணும் வேறுபாட்டை வேறெந்த மாற்றத்தாலும் பெற முடியாது. வாங்கும் முன், உங்கள் கணினி 2.5 அங்குல சாட்டா தட்டை ஏற்குமா, எம்.2 என்ற சிறு பட்டை வகையை ஏற்குமா, எம்.2 என்றால் கணினியோடு அது பேசும் முறை சாட்டாவா என்விஎம்இயா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வடிவம் பொருந்தினாலும் வகை பொருந்தாமல் போவதுண்டு. மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே இந்த வழி இல்லை.

பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது தனி வழி அல்ல; மேலே சொன்னவற்றில் ஒன்றைத்தான் அவரும் செய்யப்போகிறார். எதைச் செய்யப்போகிறார் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களைக் கேட்காமல் தட்டை அழிக்கக்கூடாது என்பதைச் சொல்வதோடு நில்லாமல், வேலைச் சீட்டில் எழுதியும் வாங்குங்கள். திரை, மின்சாரம், விசைப்பலகை என்று தட்டுக்குத் தொடர்பில்லாத பழுதென்றால், கழற்றக்கூடிய தட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பதில் தவறேதும் இல்லை.

இவற்றுள் நான் எதைத் தேர்வேன் என்றால், ஸ்மார்ட் விவரங்களில் குறை தெரியும் தட்டில் சரிசெய்தல் எதையும் முயலாமல், நகல் எடுத்ததும் நேரே ஐந்தாவது வழிக்குப் போய்விடுவேன். நலமான தட்டென்றால், ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஒருமுறை, பிறகு சேஃப் மோட், அப்டேட் நீக்கம், சிஸ்டம் ரீஸ்டோர் என்ற வரிசையில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவேன். அந்த மாலையோடு சரியாகவில்லை என்றால், இரண்டாம் நாளையும் கட்டளைகளோடு போராடிக் கழிக்க மாட்டேன். வீட்டில் உள்ள எல்லாக் கோப்புகளும் மேகச் சேமிப்பில் இருக்கின்றன, நிரல்களும் சிலவே என்றால், இணையம் வழியான ரீசெட்டே நேரத்தை மிச்சப்படுத்தும். அத்தகையவர் எஸ்எஸ்டி வாங்க வேண்டியதில்லை. ஒரே கணினியில் பல ஆண்டு வாழ்க்கை சேர்ந்திருக்கும் வீட்டுக்கு அந்த அறிவுரை பொருந்தாது.

புதிய தட்டில் எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகும், நகலெடுத்த கோப்புகளில் சிலவற்றை, முக்கியமாகப் பெரிய காணொளிகளையும் பழைய படங்களையும் திறந்து பாருங்கள். பெயரும் அளவும் சரியாக இருந்தும் உள்ளே கெட்டுப்போயிருக்கும் கோப்புகள் உண்டு. கழற்றிய தட்டின் மேல் தேதியை எழுதி ஒட்டி, சில மாதங்களாவது வைத்திருங்கள். உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்கள், மின்னஞ்சல் நிரலின் பழைய கடிதங்கள், எப்போதோ நிறுவிய தமிழ் எழுத்துருக்கள் என்று, எடுக்க மறந்தவை ஒவ்வொன்றாகத் தேவைப்படும்போதுதான் நினைவுக்கு வரும்.